இரண்டு பச்சை டோக்கன்கள்

ஜூன் 3, திங்கள்

"கடந்த இரண்டு வாரங்களில் பணியிடத்தில் யாராவது உங்களைப் பெயர் சொல்லி அழைத்தார்களா?"

இது பதினேழாவது கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. ஆம், இல்லை, சில சமயம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நாலாவது கட்டம் இல்லை.

மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். நாங்கள் தைக்கும் பனியன்களை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பியது. திருப்பூரில் அப்படிப்பட்டவர்களுக்கு 'பையர்' என்று பெயர். கடவுளைப் போல எப்போதாவதுதான் வருவார்கள். வருவதற்கு முன்னால் நாங்கள் வெள்ளையடிப்போம். இந்த மாதம் இருபதாம் தேதி வருகை. இந்த வருடம் அவர்களுக்கு எங்கள் பனியன் மட்டும் போதாதாம், எங்கள் மனநலமும் வேண்டுமாம்.

அதைத் தயார் செய்வதற்குப் பெங்களூரிலிருந்து வந்தனா என்ற பெண் வந்திருக்கிறாள். ஏதோ ஆலோசனைக் கம்பெனி. முப்பது வயது இருக்கும். வந்த கையோடு ஆபீசில் இருக்கும் எல்லோருக்கும் சூரியகாந்திப் பூ அட்டை போட்ட நோட்டு கொடுத்தாள். தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயங்கள் எழுத வேண்டுமாம். அந்த நோட்டில்தான் இதை எழுதுகிறேன்.

நன்றி ஒன்று: நோட்டு. இரண்டு: பேனா என்னுடையது. மூன்று: பிறகு.

வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது. குழாய்க்காரர் நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

ஜூன் 5, புதன்

குழாய்க்காரர் வரவில்லை.

கம்பெனி வாசலில் மூன்று கண்ணாடி டப்பாக்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் சிரித்த முகம், ஒன்றில் சும்மா இருக்கிற முகம், ஒன்றில் அழுமூஞ்சி. காலையில் உள்ளே வரும்போது ஆளுக்கொரு மஞ்சள் பந்தைத் தங்கள் மனநிலைக்கேற்ற டப்பாவில் போட வேண்டும். டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பொங்கியண்ணன் கவனிக்கிறார். அவர் நாலாம் லைன் சூப்பர்வைசர். ஒருவர் தன் சோகத்தைத் தெரிவிக்க இதைவிட நல்ல சூழல் அமையாது.

முதல் நாள் முடிவு: சிரிப்பு இருநூற்று நாலு. அழுமூஞ்சி ஒன்று. தைப்பவர்களே மொத்தம் இருநூற்று நாலு பேர்தான், ஆகவே அந்த ஒன்று ஆபீஸ் ஆள் யாரோ. ஜெனரல் மேனேஜர் சென்னியப்பன் அதிர்ந்துபோனார். அது யாரென்று கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். நான்தானே வெல்ஃபேர் ஆபீசர். தொழிலாளர் நலம் பார்ப்பதற்கென்றே எம்.எஸ்.டபிள்யூ. படித்து, பத்தொன்பது வருடமாக இங்கே பார்த்துக்கொண்டிருப்பவள்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

காலை பதினொன்றரைக்கு நாலு பதினெட்டு மயங்கி விழுந்தாள்.

நாலு பதினெட்டு என்றால் நாலாவது லைன், பதினெட்டாவது மெஷின். இங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தில் பெயரைவிட நம்பர் சுலபமாகக் காதில் விழும். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்குப் பெயர் வேண்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன்: மினதி நாயக், வயது இருபத்தாறு, ஊர் ஒடிசா, இங்கே ஆறு வருடம்.

மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள்.

'காரணம்' என்ற கட்டத்தில் 'காலை உணவு உண்ணவில்லை' என்று எழுதினேன். இந்த வருடம் மட்டும் பதினொரு பேர் மயங்கியிருக்கிறார்கள். பதினொரு பேரும் காலை உணவு உண்ணவில்லை. அவள் கேண்டீனில் நாலு இட்லி சாப்பிட்டதை நானே பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

ஜூன் 10, திங்கள்

சிரிப்பு யோகா. இருநூற்று நாலு பேரும் கைகளை மேலே தூக்கி ஹா ஹா ஹோ என்றார்கள். செக்கிங் டேபிள் ராமாத்தாள் மட்டும் நிஜமாகவே சிரித்தாள். அவள் பார்த்தது சென்னியப்பனின் வயிற்றை.

மதியம் வந்தனாவுக்குத் தையல் லைன்களைச் சுற்றிக் காட்டினேன். சுவரில் அடித்திருந்த ஆணியையும் அதில் தொங்கிய பச்சை வில்லைகளையும் பார்த்து என்னவென்று கேட்டாள். பாத்ரூம் டோக்கன் என்று விளக்கினேன். ஒரு லைனில் முப்பத்து நாலு பேர். லைனுக்கு இரண்டு டோக்கன். எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். ஆணியில் டோக்கன் இல்லையென்றால், போனவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் சலுகை இல்லை. சிவப்பு மனதை உறுத்தும், பச்சை அமைதி தரும் என்பதால் பச்சை.

"ரொம்ப சயின்டிஃபிக்கா இருக்கே மேடம். யாரு டிசைன் பண்ணது?"

யாரோ படித்தவர்கள் என்றேன்.

நாலாம் லைனில் ஆணி மட்டும்தான் இருந்தது. டோக்கன் இரண்டும் பொங்கியண்ணனின் சட்டைப்பையில் இருந்தன. வந்தனா கவனிக்கவில்லை. அவள் அப்போது சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுமூஞ்சி இன்றும் ஒன்று.

ஜூன் 11, செவ்வாய்

மினதி மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை மெஷின் முனையில் நெற்றி இடித்து இரத்தம். கம்பெனி வண்டி ஷிப்மென்ட்டுக்குப் போயிருந்ததால் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெற்றியில் மூன்று தையல். அவளுடைய தையலைவிட மோசம்.

டாக்டரம்மா சிறுநீர்ப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, கிருமித் தொற்று முற்றியிருக்கிறது, இப்படியே போனால் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்றார். பகல் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்கிறாளா என்று கேட்டார். அவளிடமல்ல, என்னிடம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டேன். மினதி ஆறு வருடத்தில் தமிழை எங்கள் ஊர்க்காரியைப் போலவே பேசுகிறாள்.

"குடிச்சா போகணுங்க மேடம்."

"போக வேண்டியதுதானே."

"போகணும்னா டோக்கன் கேக்கணும்."

"கேளு."

அவள் ஆட்டோவுக்கு வெளியே பார்த்தாள். "கேட்டா அண்ணன் பாக்கெட்டத் தட்டிட்டே 'எதுக்கு'ம்பாரு. எல்லாரும் இருக்கறப்ப. தெனமும் அதே கேள்வி. பாத்ரூமுக்கு எதுக்குப் போவாங்கன்னு அவருக்குத் தெரியாதுங்களா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருடத்தில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கென்றே ஒரு பாடம் உண்டு. செவிமடுத்தல் என்று பெயர். அதில் நான் முதல் வகுப்பு.

ஆபீசுக்கு வந்ததும் பாத்ரூம் போனேன். வெல்ஃபேர் அறைக்குத் தனி பாத்ரூம் இருக்கிறது. சாவி என் கைப்பையில். இந்த வயதில் ஒரு நாளைக்கு ஆறு தடவை போகிறேன். யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை.

ஜூன் 12, புதன்

சென்னியப்பன் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் புளித்த ஏப்பத்துக்கான மருந்து பாட்டில், பக்கத்தில் ஒரு படிவம். கெட்ட மனிதரில்லை. இருநூற்று நாலு பேரின் டார்கெட் அவர் வயிற்றில் அமிலமாக உட்கார்ந்திருக்கிறது.

"மேடம், அந்த ஒடியாப் புள்ள மறுக்கா விழுந்துருச்சாமுங்க."

ஆமாம் என்றேன்.

"பையர் வர்ற அன்னைக்கு விழுந்துச்சுன்னா கூடவே ஷிப்மென்ட்டும் விழுந்துருமுங்க. ஊருக்கு அனுப்பிச்சிரலாம். அதுக்கும் ரெஸ்ட்டு, நமக்கும் ரெஸ்ட்டு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

படிவத்தின் தலைப்பு 'உடல் தகுதியின்மை'. வெல்ஃபேர் ஆபீசர் கையெழுத்து இல்லாமல் யாரையும் அப்படி அனுப்ப முடியாது. அந்த விதி தொழிலாளியின் பாதுகாப்புக்காக வந்தது.

பேனாவில் மை இல்லை என்றேன். அவருடைய பேனாவைக் கொடுத்தார். கண்ணாடியை எடுத்து வரவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"செரி, இருபதாந் தேதிக்குள்ள போட்டுக் குடுத்துருங்" என்றார்.

ஜூன் 13, வியாழன்

நன்றி சொல்ல மூன்று விஷயங்கள். குழாய் இன்னும் சொட்டத்தான் சொட்டுகிறது, ஊற்றவில்லை. மற்ற இரண்டும் அதற்கே.

ஜூன் 14, வெள்ளி

வந்தனாவின் புதுத் திட்டம்: தண்ணீர் தினம். சர்வேயில் 'போதுமான அளவு தண்ணீர் குடிக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு நூற்றுத் தொண்ணூறு பேர் இல்லை என்று போட்டிருக்கிறார்களாம். மற்ற நாற்பத்தொரு கேள்விக்கும் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தபடி ஆம் போட்டவர்கள், இதற்கு மட்டும் உண்மையை எழுதியிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றித்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

விழிப்புணர்வு இல்லை என்று வந்தனா முடிவு கட்டிவிட்டாள். ஆளுக்கொரு லிட்டர் பாட்டில், மேலே கம்பெனி பெயர். பையர் வருகிற அன்று மாலை நாலரைக்கு மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக முழுப் பாட்டிலையும் குடிக்க வேண்டும். போட்டோ, வீடியோ. ஐந்தரைக்கு வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். சென்னியப்பன் உற்சாகமாகத் தலையாட்டினார்.

நடைமுறைச் சிக்கல் ஏதாவது வருமா என்று வந்தனா என்னைக் கேட்டாள். இல்லை என்றேன்.

பாட்டில்கள் இன்றே வந்துவிட்டன. சாயங்காலம் போகும்போது ராமாத்தாள் அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாமா என்று விசாரித்தாள்.

ஜூன் 15, சனி

ஹாஸ்டலுக்குப் போனேன். மினதிக்கு ஓய்வு. ஒரு அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேருடைய சாமிகளும் ஒரே ஜன்னல் மேடையில் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்திருந்தன. படிவத்தைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இங்கே இரகசியங்கள் தறியைவிட வேகமாக ஓடும்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் புருஷன் வீட்டிலிருந்து ஓடி வந்தவள் அவள். இடது முழங்கை நேராக நீளாது. தையல் லைனில் நான் அதைக் கவனித்ததில்லை; பீஸ் எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருமே கவனிக்கவில்லை.

"ஊருக்குப் போனா எங்கண்ணன் என்னைய மறுபடி அந்த வீட்லயே கொண்டுபோய் விட்டுருவான் மேடம். அதுக்கு இங்கயே விழுந்து விழுந்து எந்திரிச்சுக்கறேன். இங்க விழுந்தா தூக்கறதுக்காவது நாலு பேரு இருக்காங்க."

பார்க்கலாம் என்றேன். வெல்ஃபேர் ஆபீசர்கள் உபயோகிக்கும் சொற்களில் இதைவிட மலிவானது கிடையாது.

கிளம்பும்போது, "மேடம், உங்க பேரு என்னங்க?" என்றாள்.

மங்கையர்க்கரசி என்றேன். அடையாள அட்டையில் இடம் போதாமல் 'மங்கையர்க்' வரைக்கும்தான் அச்சடித்திருக்கிறார்கள். அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"ரொம்ப நீளங்க. மேடமே இருக்கட்டும்."

ஆகவே பதினேழாம் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

குழாய்க்காரரின் நம்பர் எழுதி வைத்த துண்டுச்சீட்டைத் தேடி மேசை டிராயரைக் கவிழ்த்தேன். சீட்டு கிடைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோவையில் நான் படித்த கல்லூரியின் கருத்தரங்கில் வாசித்த கட்டுரை கிடைத்தது. 'பன்மொழிப் பணியிடத்தில் கழிப்பறைச் சமத்துவம்: ஒரு தலையீடு'. வாசித்தவர்: மங்கையர்க்கரசி, எம்.எஸ்.டபிள்யூ. இடம் பற்றாக்குறை இல்லாமல் முழுப்பெயர்.

இனிமேல் சுற்றி வளைக்க முடியாது. டோக்கன் என் யோசனை.

அப்போது இரண்டாம் லைனில் பெரிய சண்டை. பாத்ரூம் போனால் இந்திக்காரிகள் திரும்பி வருவதே இல்லை என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். ஒடியா பேசுகிறவர்களை இந்திக்காரிகள் என்பதே முதல் தப்பு. ஊர்க்காரிகள் மட்டும் ஜோடி ஜோடியாகப் போய்க் கதை பேசுகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். முடியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் படித்தவள், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். பச்சை என்பதுகூட நான் எங்கோ படித்தது. ஒரு மாதம் சண்டையே இல்லை. கட்டுரையை எழுதினேன். கை தட்டினார்கள். மதியம் சைவ பிரியாணி போட்டார்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. அது கட்டுரைக்குப் பிறகு நடந்ததால் கட்டுரையில் இல்லை.

நாலாம் லைனில் ஆணி காலியாக இருப்பதை நான் எப்போது முதலில் பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால், இரண்டு வருடம் இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் உண்மை: என் தலையீடு ஊர்க்காரிகளையும் ஒடிசாக்காரிகளையும் சமமாக்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

வந்தனாவிடம் தண்ணீர் தினத்தை நாலரையிலிருந்து காலை பத்தரைக்கு மாற்றலாம் என்றேன். வெளிச்சம் நன்றாக இருக்கும், போட்டோ தெளிவாக வரும். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். பத்தரைக்கும் ஒரு மணிச் சாப்பாட்டுக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ராமாத்தாள் என் அறைக்கு வந்து கதவை ஒட்டி நின்றாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். மூன்று வருடத்துக்கு முந்தைய சண்டையில் முடியைப் பிடித்தவர்களில் முக்கியமானவள்.

"ஏனுங் மேடம், நெசமாலுமே ஒரு லிட்டருங்களா?"

"ஒரு லிட்டர்."

"பையர் முன்னாலயா?"

"முன்னாலதான்."

"குடிக்காம இருந்தா?"

"கம்பெனி உத்தரவு. எல்லாரும் கட்டாயம் முழுசாக் குடிக்கணும்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். அவ்வளவு கவனமாக என்னை யாரும் பார்த்துப் பல வருடம் இருக்கும்.

"செரிங். கம்பெனி சொன்னா கேக்கோணுமில்லங்" என்றாள். கதவுக்கு வெளியே போய்விட்டுத் திரும்பினாள். "அந்தப் பதினெட்டும் வரட்டுங்களா?"

டாக்டர் புதன்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். இருபதாம் தேதி அவளை ஹாஸ்டலிலேயே வைக்கச் சொல்லி சென்னியப்பன் வாய்மொழியாகச் சொல்லியிருப்பதை நான் மறந்துவிட்டேன். இந்த வயதில் மறதி சகஜம்.

ஜூன் 19, புதன்

விபத்துப் பதிவேடும் பையர் பார்க்கும் ஆவணங்களில் ஒன்று. மினதியின் இரண்டாவது மயக்கத்துக்கு எதிரே 'காரணம்' கட்டம் காலியாக இருந்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எழுதினேன்.

'கழிப்பறைக்குப் போக டோக்கன் கேட்க வேண்டியிருப்பதால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று. டோக்கன் முறையைக் கொண்டுவந்தது நான்.'

கட்டம் போதவில்லை. ஓரத்தில் சாய்த்து எழுதினேன்.

பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன். பதினொரு காலை உணவுகள். அவற்றைத் திருத்துவதற்குத் தைரியம் வரவில்லை. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

ஒன்பது மணிக்கு சென்னியப்பன் படிவத்தைக் கேட்டார். பதிவேடுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன் என்றேன். கையெழுத்து போட்டாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. கார் வந்துவிட்டது.

பையர் கம்பெனியிலிருந்து வந்தது ஒரு அம்மாள். என் வயது அல்லது சற்று கூட. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், தட்டைச் செருப்பு. அவரும் சர்வேயில் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் விட்டவரைப் போல எனக்குத் தோன்றியது.

பத்தரைக்கு மணி அடித்தது. இருநூற்று நாலு பேரும் எழுந்து பாட்டிலைத் திறந்தார்கள். சிரிப்பு யோகாவில் இல்லாத ஒற்றுமை. ஒருவர்கூடப் பாதியில் நிறுத்தவில்லை. ராமாத்தாள் குடித்து முடித்துப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள், மற்றவர்களும் காட்டினார்கள். வந்தனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாளும் தானும் பங்கேற்பதாகச் சொல்லி ஒரு பாட்டிலை முழுக்கக் குடித்தார். சென்னியப்பன் இரண்டு மடக்கு.

பதினொன்று இருபதுக்கு முதலில் எழுந்தவள் மினதி. நெற்றியில் பிளாஸ்திரியோடு பொங்கியண்ணன் முன்னால் போய் நின்றாள். அவர் கை பழக்கத்தில் பாக்கெட்டைத் தட்டியது. வாயும் பழக்கத்தில் திறந்தது.

"எதுக்..." என்று தொடங்கியவர், மூன்றடி தூரத்தில் பையர் அம்மாள் நிற்பதைப் பார்த்து விழுங்கினார்.

"ஒரு லிட்டரு குடிச்சேன்ணா. கம்பெனி சொல்லுச்சு" என்றாள் மினதி. சத்தமாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் அதற்குள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு ஆறு லைனிலும் வரிசை. டோக்கன் பன்னிரண்டு, ஆள் இருநூற்று நாலு. யாரும் கத்தவில்லை, கோஷமில்லை, வேலையை நிறுத்துவதாக ஒருவரும் சொல்லவில்லை. விதிப்படி டோக்கனுக்காகக் காத்திருந்தார்கள். மெஷின்கள் மட்டும் ஒவ்வொன்றாக அடங்கின. பத்தொன்பது வருடத்தில் வேலை நாளில் அந்தக் கூடத்தில் மின்விசிறிச் சத்தத்தை இன்றைக்குத்தான் கேட்டேன். ஊர்க்காரியும் ஒடிசாக்காரியும் மாறி மாறி நின்றார்கள். மிகவும் முடியாதவளை முன்னால் விட்டார்கள். அதற்கு எந்த வில்லையும் தேவைப்படவில்லை.

இது என்ன வரிசை என்று அந்த அம்மாள் கேட்டார். நாளைக்கு யோகா தினம், அதற்கான ஒத்திகை என்றார் சென்னியப்பன். பலர் ஒற்றைக் காலில் நின்றார்கள், சிலர் காலைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்த அளவுக்கு அது பொய்யில்லை.

பிறகு அந்த அம்மாளின் முகமும் மாறியது. ஒரு லிட்டர் யாருக்கும் சலுகை காட்டாது. டாய்லெட் எங்கே என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். பக்கத்தில் நின்றவர் பொங்கியண்ணன். அவர் பதற்றத்தில், அப்போதுதான் கைக்குத் திரும்பி வந்திருந்த பச்சை டோக்கனை அந்த அம்மாளிடமும் நீட்டிவிட்டார்.

அந்த அம்மாள் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். வந்தனா என்னைப் பார்த்தாள். சூப்பர்வைசர் செய்த கோளாறு என்று சொல்லியிருக்கலாம். பொங்கியண்ணனின் முகம் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். எத்தனை பேருக்கு எத்தனை டோக்கன், அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் மயக்கம், அதை நான் வேறு காரணம் சொல்லி எழுதி வந்தது. யார் கொண்டுவந்த ஏற்பாடு என்று கேட்டார். நான் என்றேன். பதிவேட்டைத் திறந்து கடைசி வரியை மொழிபெயர்த்துக் காட்டினேன். பதிவேட்டுக்குள் செருகியிருந்த மினதியின் படிவத்தையும் பார்த்தார். காலியாக இருந்த கையெழுத்து இடத்தில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு விருந்தினர் பாத்ரூமுக்கு மிக வேகமாக நடந்தார். டோக்கனைத் திருப்பித் தரவில்லை. சாம்பிள் துணிகளோடு கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சென்னியப்பன் மருந்து பாட்டிலை வாயிலேயே கவிழ்த்துக்கொண்டு, "என்னுங் மேடம் இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க" என்றார். நாளைக்குப் பேசலாம் என்றார்.

நாளைக்கு இரண்டில் ஒன்று நடக்கும். என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள், மினதியையும் ரயிலேற்றுவார்கள். அல்லது மனம் திருந்தி டோக்கனை ஒழித்து, சுவரில் என் படத்தை மாட்டுவார்கள். என்ன நடந்தது என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

நடந்தது இதுதான்.

ஏழரைக்கு யோகா. எட்டு மணிக்கு வாசல் டப்பாக்களைத் திறந்தபோது சிரிப்பில் நூற்று அறுபது சொச்சம். நடுவில் நாற்பது. அழுமூஞ்சியில் ஒரு பந்தும் பதினொரு பச்சை டோக்கன்களும். டோக்கன்களை யார் போட்டதென்று தெரியவில்லை. பொங்கியண்ணனின் பாக்கெட்டிலிருந்த ஒன்று எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தினமும் விழும் அந்தப் பந்து யாருடையது என்று சென்னியப்பன் மறுபடி கேட்டார். என்னுடையது என்றேன். சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

பையரிடமிருந்து மெயில் வந்திருந்தது. டோக்கன் முறையை முப்பது நாளைக்குள் நீக்க வேண்டும், நோய்வாய்ப்பட்ட தொழிலாளி யாரையும் இதைக் காரணம் காட்டி அனுப்பக் கூடாது.

"முப்பது நாளு டைம் குடுத்திருக்காங்கல்லங்க. அதுவரைக்கும் ரெண்ட நாலாக்கிருவோம். புதுசுக்கு ஆர்டர் போட்டுருங்" என்றார். ஆர்டர் சீட்டு எழுதுவதும் வெல்ஃபேர் ஆபீசர் வேலை. இனி எழுத மாட்டேன் என்றேன். மூன்று நாளைக்குள் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ டைப் ஆகிக்கொண்டிருக்கிறது. மினதியின் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கிழிக்கவில்லை. டிராயரில் வைத்துப் பூட்டினார்.

வந்தனா மத்தியான பஸ்ஸில் பெங்களூருக்குக் கிளம்பினாள். குழாய்க்காரர் வரவில்லை.

பதினொன்றேகாலுக்கு நான் நாலாம் லைன் முனையில் நின்றிருந்தேன். காலி ஆணிக்குப் பக்கத்தில். நாலு பதினெட்டில் மினதி கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே பாட்டில், பாதி காலி. தைத்த பீஸைத் தள்ளினாள். மெஷினை நிறுத்தினாள். எழுந்தாள். பொங்கியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கை பாக்கெட் வரைக்கும் போய், உள்ளே ஒன்றும் இல்லாமல், கீழே இறங்கியது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. போனாள். நாலு நிமிடத்தில் திரும்பி வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த பீஸை எடுத்தாள்.